ஓதம் ஏறும் நேரம்

கொல்லம் அருகே, அஷ்டமுடிக் காயலில் கல்லடா ஆறு கலக்கும் இடம் மன்றோ துருத்து. திருவிதாங்கூர் திவானாக இருந்த வெள்ளைக்காரர் கர்னல் மன்றோவின் பெயரைச் சுமக்கும் தீவு.

விடியற்காலையிலேயே கயாக்கில் இறங்கிவிடுவது உத்தமம்; பிறகு மோட்டார் படகுகளின் ராஜ்யம். ஏறக்குறைய தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். வளைவாகக் கவிந்த கண்டல் மரங்களுக்கடியில் தலைகுனிந்துதான் போக வேண்டும். சிறகை உலர்த்தும் நீர்க்காகம் நம்மைச் சட்டை செய்வதில்லை.

வாய்க்கால் குறுகியதும் வீடுகள். வாசற்படி நம் தோள் உயரம்கூட இல்லை; சுவரெல்லாம் உப்புக்கறை. தென்மலை அணை வந்தபின் ஆற்று வண்டல் குறைந்தது, 2004 சுனாமிக்குப்பின் நிலைமை மோசமானது என்கிறார்கள் தீவுவாசிகள். பலர் வெளியேறிவிட்டனர்.

கயாக்குக்கு ஓத நேரம்தான் வசதி. எங்கும் தரை தட்டாது. நாங்கள் கடந்தபோது ஒரு வீட்டில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.