உறைந்த ஏரியின் மேல் ஒரு பகல்

கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். வள்ளத்தைக் கடலில் தள்ளுவதும், வலையை இழுத்துக் கரை சேர்ப்பதும், தூண்டிலோடு பாலத்தடியில் காத்திருப்பதும் சிறு வயதிலிருந்தே பழகிய காட்சிகள். ஆனால் நீரின் மேலேயே நடந்து சென்று, அதன் மீது நாற்காலி போட்டு அமர்ந்து, காலடியில் துளையிட்டு மீன் பிடிக்கும் அதிசயத்தை நாற்பத்தேழாம் வயதில்தான் கண்டேன்.

2025 பிப்ரவரியில் கனடாவின் டொராண்டோ நகரின் பகுதியான ஸ்கார்பரோவில், என் ராத்தா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ராத்தாவின் மூத்த மகனுக்குப் பனிக்கால மீன்பிடிப்பில் தீராத மோகம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புதிய கருவிகளையெல்லாம் வாங்கி வைத்துவிட்டான். ஆனால் அடுத்து வந்த குளிர்காலம் அவனை ஏமாற்றிவிட்டது. 2024 பிப்ரவரியின் நடுவில், வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உறைந்திருந்தது. 1973 முதல் எடுக்கப்பட்டு வரும் கணக்கில் அந்த நாட்களுக்கு அதுவே மிகக் குறைவு. சுற்றிலுமிருந்த ஏரிகளிலும் நம்பி நிற்கத்தக்க பனி இல்லை. பெட்டி பிரிக்கப்படாத கருவிகள் ஓராண்டு வண்டிக் கொட்டகையில் உறங்கின. எனவே 2025இல் குளிர் வலுத்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாமா, சனிக்கிழமை சிம்கோ ஏரிக்குப் போகிறோம். நீங்களும் வாருங்கள்" என்றான். எனக்கும் ஒரு நாள் மீன்பிடி உரிமம் எடுத்துக் கொடுத்தான். உரிமமின்றித் தூண்டில் போடுவது அங்கே குற்றம். பனியில் ஒருவருக்கு இரண்டு தூண்டில் என்பதுதான் சிம்கோவின் கணக்கு.

ஏரியும் மனிதரும்

டொராண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது சிம்கோ ஏரி. பரப்பு சுமார் 720 சதுர கிலோமீட்டர். அதன் தென்கோடியில் நீண்டு கிடக்கும் குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது. மஞ்சள் பெர்ச் எனும் மீனுக்குப் பேர் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளிர் பூச்சியத்துக்குக் கீழே 14 பாகை. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. அதன் மேல் ஒரு சிற்றூரே முளைத்திருந்தது! எண் எழுதிய மரக்குடில்கள், வண்ணக் கூடாரங்கள், சறுக்கு வண்டிகள், குழந்தைகள், நாய்கள். குடில்களைப் பதிவு செய்து எண்ணை வெளியே எழுத வேண்டும். பனி இளகுமுன் அகற்றியும் ஆக வேண்டும்.

ஏரி உறைந்தால் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற ஐயம் எனக்கு. இறைவன் நீருக்கு வைத்திருக்கும் இயல்பே அவற்றைக் காக்கிறது. மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை குளிரக் குளிரக் கனக்கும். நீரோ 4 பாகை வரைதான் கனத்துக் கீழே இறங்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே வரும். பனிக்கட்டி அதனினும் இலேசு. ஆகவே ஏரி மேலிருந்து உறைகிறது. அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. குளிரில் அவற்றின் ஓட்டம் தளர்ந்துவிடுவதால் இரையை மெல்லத்தான் கவ்வும். அங்கே தூண்டிற்கோல் முழங்கை நீளமே இருக்கிறது. நுனியோ புல் போல் வளைகிறது.

புதுக் கருவிகள்

மருமகன் சறுக்குப் பலகையில் சாமான்களை ஏற்றினான். முதலில் துளைப்பான். ஆளுயரத் திருகாணி போன்ற அலகின் தலையில் லித்தியம் மின்கலம். பழைய நாளில் கையால் சுழற்றித் துளைத்தார்கள், பிறகு பெட்ரோல் பொறி வந்தது, இப்போது மின்சாரம். கரையோரம் நின்று விசையை அழுத்தினான். கால் நிமிடத்தில் ஒரு சாண் அகலத் துளை! அளந்தால் 35 சென்டிமீட்டர் கனமான பனி. துளையில் மிதந்த பனித்துருவலை அள்ளுவதற்கு ஒரு கரண்டி வைத்திருந்தான். பார்த்ததும் ராத்தாவின் சமையலறை அரிகரண்டி என்றே நினைத்தேன்.

அடுத்தது ஒலிமானி. நீருக்குள் இறக்கும் குமிழ் ஒலித்துடிப்புகளை அனுப்புகிறது. குளிர்ந்த நீரில் விநாடிக்கு 1,400 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலி, தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்புகிறது. கடிகாரம் போன்ற வட்ட முகப்பில் தரை ஒரு நிறக்கோடு, தூண்டில் ஒரு கோடு, நெருங்கும் மீன் இன்னொரு கோடு. மூன்றாவது, குடை போல் விரியும் கூடாரமும் எரிவாயு அடுப்பும்.

"பெரிய மீன்கள் அப்பால் இருக்கின்றன, மாமா" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். வழியில் குடிலொன்றின் வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், "தம்பி, கடப்பாரை எங்கே?" என்று கேட்டார். மருமகன் துளைப்பானைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

சற்றுத் தொலைவில் பனி மேடு ஒன்று நீளவாக்கில் கிடந்தது. அதைத் தாண்டி இருபதடி சென்றதும் மீண்டும் துளையிட்டான். விசையை அழுத்திய மறுகணம் அலகு 'சளக்'கென்று இறங்கியது. துளையிலிருந்து நீர் பொங்கி எங்கள் காலணிகளை நனைத்தது. பனியின் கனம் நான்கு விரற்கடை கூட இல்லை.

மருமகன் முகம் வெளுத்துவிட்டது. ஒருவன் நடந்து செல்வதற்கே குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிந்த பனி தேவை என்பதை எனக்குச் சொன்னவனே அவன்தான். "மாமா, காலைத் தூக்காதீர்கள். விலகி நின்று, தேய்த்துத் தேய்த்து வந்த வழியே திரும்புங்கள்" என்றான். அந்த இருபதடி தூரம் என் வாழ்நாளில் நான் நடந்த மிக நீண்ட தூரம்.

பெரியவர் சொன்ன பாடம்

பெரியவர் எங்களை எதிர்கொண்டு வந்தார். திட்டவில்லை. தன் கடப்பாரையால் பனியை ஓங்கிக் குத்திக்காட்டினார். 'டங்' என்ற ஒலி. "இது ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கேட்கும் கேள்வி. உன் பொறி, நீ போய் நின்ற பிறகுதான் கேட்கிறது" என்றார். பனித்தகடுகள் ஒன்றையொன்று நெருக்கி எழும்பும் மேடுகளின் அருகே பிளவுகள் இருக்கும். அவற்றை மூடிக் கிடக்கும் வெண்பனி கம்பளி போல் குளிரைத் தடுப்பதால் அங்கே கட்டி கனக்காது என்று விளக்கினார்.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "கழுத்தில் ஆணிகள் எங்கே?"

மருமகன் தலை குனிந்தான். இரண்டு கைப்பிடிகள், நுனியில் கூரிய ஆணி, இடையே ஒரு கயிறு: நீரில் விழுந்தவன் பனியில் குத்தி ஊன்றி மேலேறுவதற்கு. அதுவும், வீசியெறியும் கயிறும், கூடாரத்துக்குள் நச்சுவாயு சேர்ந்தால் அலறும் சிறு கருவியும் காரின் பின்புறம் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்தன. மணமற்ற அந்தக் கார்பன் மோனாக்சைடு மூடிய கூடாரத்தில் உறக்கம் போல் வந்து உயிரைக் கொண்டுபோகும்.

மனித்தோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவர்களுக்கென ஒரு கணக்கைச் சொல்லியிருக்கிறார்: 1-10-1. மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம். கைகால்கள் பயன்படுவது பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி நேரம். விழுந்தவன் வந்த திசைக்கே திரும்ப வேண்டும். அவனைத் தாங்கிய பனி அங்கேதான் இருக்கிறது. கால்களை உதைத்து உடலைக் கிடையாக்கி, ஆணிகளை ஊன்றி ஏறி, எழுந்து நில்லாமல் உருண்டே விலக வேண்டும்.

கும்பலாக இருப்பதும் காவல் ஆகாது. 2009 பிப்ரவரி 7 அன்று ஒஹாயோ மாநிலக் கரையோரம் ஈரி ஏரியின் பனி பிளந்து நகர்ந்தது. நூறுக்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டர்களும் படகுகளும் மீட்டன, ஒருவர் உயிரிழந்தார்.

திரும்பிய பின்

காருக்குச் சென்று எல்லாவற்றையும் எடுத்து வந்தோம். ஆணிகள் எங்கள் கழுத்தில் ஏறின. பெரியவர் தன் குடிலருகே இடம் காட்டினார். ஆறு மீட்டர் ஆழத்தில் ஒலிமானி கோடு காட்ட, மாலைக்குள் பதினொரு பெர்ச் மீன்கள் கிடைத்தன. சின்னவற்றை விட்டுவிட்டோம்.

வழியில் மருமகனே பேச்செடுத்தான். "துளைப்பான் அருமை, மாமா. ஆனால் மின்கலத்தின் பலம் குளிரில் சீக்கிரம் இறங்குகிறது. அதைச் சட்டைக்குள் வைத்துக் காக்க வேண்டும். ஒலிமானிக்குக் குறையே சொல்ல முடியாது. மீன் பிடிக்க வாங்கியதையெல்லாம் இன்று சோதித்துவிட்டேன். வீடு திரும்ப வாங்கியதைத்தான் பிரிக்கவே இல்லை."

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. புதிய மோட்டார் சைக்கிளை அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைப் பாலித்தீன் உறை பிரிக்காமல் கைப்பிடியில் மாட்டித் திரியும் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்! ஆதாயம் தரும் கருவிக்கு ஆசை துணை நிற்கிறது. உயிர் காக்கும் கருவிக்கு யாரும் துணை நிற்பதில்லை. அதை நாமேதான் முதலில் பிரிக்க வேண்டும்.

ராத்தா மீனைப் பொரித்துப் பரிமாறினார். "நல்ல மீன்தான். எங்கும் வழுக்கி விழவில்லையே?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை பார்த்தேன்: வாசற்கதவின் அருகே, கார்ச் சாவி தொங்கும் கொக்கியில், அந்த ஆணிகளும் தொங்கிக்கொண்டிருந்தன. கடையில் வாங்கிய கடப்பாரை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.