கதவோர ஸ்டிக்கரும் அடிப்பக்கக் கறளும்

பழைய பிக்கப் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் போய் இறங்கியதும் பொனற்றைத் திறப்பார்கள். நான் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து சாத்துப்படும் தூணில் இருக்கும் ஸ்டிக்கரை வாசிப்பேன். டயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் ஸ்டிக்கர்தானே என்று பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்ற வரியும் அதிலேதான் இருக்கிறது. ஒரு பிக்கப் குடும்பத்துக்குச் சரிவருமா என்ற கேள்வியில் பாதிக்கு அந்த வரி பதில் சொல்லிவிடும்.

எனக்கு ஸ்காபரோவில் கராஜ் வேலை. 'அண்ணை, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோவன்' என்று கூப்பிடுகிறவர்களுக்காகப் பிக்கப்புகளின் அடியில் படுத்து எழும்புவதே என் சனிக்கிழமைகளின் பெரும்பகுதி. கூப்பிடுகிறவர்களில் கணிசமானவர்களைச் 'சியென்னா வானே உங்களுக்குக் காணும்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆண்டில் இரண்டு தரம் புல்வெளிக்கு மண் ஏற்றுவதற்கு ஹாட்வேர் கடையில் மணிக்கணக்குக்கு ட்ரக் எடுக்கலாம். ஆனால் கூடார டிரெய்லர் இழுக்கிறவர்களும், தச்சு வேலையோ புல்வெளி வேலையோ செய்துவிட்டுப் பின்னேரம் அதே வாகனத்தில் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். அதில் 680 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வைப்போம். பெரிய பிக்கப்புகளில் இது வழமையான எண்தான். அப்பா, அம்மா, அம்மம்மா, இரண்டு பிள்ளைகள்: 280 கிலோ. பின் பெட்டிக்கு மேல் பூட்டிய ஃபைபர் கூடு 80. அல்கொன்குயின் பார்க்குக்குப் போக ஐஸ்பெட்டி, அடுப்பு, சைக்கிள்கள், நம் ஆட்கள் விடாமல் கொண்டுபோகும் அரிசிப் பை எல்லாம் சேர்த்து 100. இப்போதே 460 ஆகிவிட்டது. இனி டிரெய்லர். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொளுக்கியின் மேல் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஹைவேயில் அது வாலாட்டும். 2,300 கிலோ டிரெய்லர் என்றால் கிட்டத்தட்ட 290 கிலோ பிக்கப்பின் முதுகில் ஏறுகிறது. மொத்தம் 750. விளம்பரத்தில் '5,000 கிலோ இழுக்கும்' என்று மலையில் ஏற்றிக் காட்டிய அதே வாகனம், அதில் பாதிகூட இல்லாத டிரெய்லரோடு சுமையெல்லையைத் தாண்டிவிட்டது. இழுவை எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே சுமையெல்லை முடிந்துவிடும் என்பதை விற்பனையாளர் யாரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஆண்டில் வந்த ஒரே மாடல் இரண்டை அருகருகே நிறுத்தினாலும் ஸ்டிக்கர் எண் வேறாக இருக்கும். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, பெரிய சில்லு, நாலு சில்லு இழுவை என்று ஏற ஏற வாகனத்தின் சொந்த எடை கூடும், சுமக்கும் எடை குறையும். அதிக விலைக்கு விற்கும் ஆடம்பர மாடல் நடுத்தர மாடலைவிடக் குறைவாகவே சுமக்கும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வாகனம் அன்றைக்கே உடைந்துவிடாது. கியர்பொக்ஸ் சூடேறும், பின் ஸ்பிரிங் தளரும், பிரேக் தேயும். மூன்று நாலு வருடம் கழித்துத்தான் கணக்கு வரும். அப்போது கம்பனியைத் திட்டுவார்கள்.

இருக்கை விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம்: நாலு முழுக் கதவு உள்ள பெரிய கேபின்தான். நாலு கதவிலேயே சின்னக் கேபின் ஒன்றும் விற்கிறார்கள், டபுள் கேப், குவாட் கேப் என்று கம்பனிக்கு ஒரு பெயர். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கையை அதில் வைத்தால் முன்னால் இருக்கிறவருக்கு முழங்கால் வைக்க இடமில்லை. பிள்ளை இருக்கையின் மேல்பட்டியைக் கொளுவும் இடமும் காரில் இருப்பதுபோல் இல்லை. பல பிக்கப்புகளில் பின்னிருக்கைக்குப் பின்னால் துணிவளையம் இருக்கும். பட்டியைப் பிள்ளைக்கு நேரே உள்ள வளையத்துக்குள்ளால் விட்டு, பக்கத்து இருக்கையின் வளையத்தில் கொளுவ வேண்டும். கைநூலில் படம் போட்டிருக்கிறது. வாங்க வரும்போது உங்கள் பிள்ளை இருக்கையைக் கையோடு கொண்டுவாருங்கள், பூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அம்மம்மாவையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது. சேலையோடு அவர் ஏறி இறங்க ஏறுபடி வேண்டுமா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கொண்டோவில் இருக்கிறவர்கள் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரொறொன்ரோ நகர விதிப்படி தரிப்பிடத்தின் ஆகக்குறைந்த நீளம் 5.6 மீற்றர், பெரிய கேபின் போர்ட் எஃப்-150 ஏறத்தாழ 5.9 மீற்றர். மூக்கோ வாலோ வெளியே நிற்கும்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: எந்தக் கம்பனி? 'டொயோட்டா எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்பது நம்மவர் மத்தியில் கிட்டத்தட்ட வேதவாக்கு. ஊரில் ஹைஏஸும் ஹைலக்ஸும் போட்ட அத்திவாரம் அது. டெக்சஸில், சான் அன்டோனியோவில் டொயோட்டா செய்கிற டண்ட்ரா பிக்கப் வேறு வாகனம். 2007 முதல் 2021 வரை வந்த 5.7 லீற்றர் வி8 எஞ்சின் உண்மையிலேயே உழைப்பாளி, பெற்றோல்தான் 100 கிலோமீற்றருக்கு 16 லீற்றர் அளவில் குடிக்கும். ஆனால் 2000 முதல் 2003 வரையான டண்ட்ராக்களின் அடிச்சட்டத்தைக் கறள் தின்று, குளிர் மாநிலங்களில் ஸ்பெயார் சில்லு றோட்டில் விழும் நிலை வந்து, 2009இல் கம்பனி திருப்பி அழைத்தது. 2022இல் வந்த புது இரட்டை டர்போ வி6 எஞ்சினுக்குள் கடைசல் வேலையின் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று 2024இல் அமெரிக்காவில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அழைப்புப் போனது. கண்ணை மூட இடமில்லை.

மற்றவர்களுக்கும் ஒவ்வொரு தலைவலி இருக்கிறது. ஜிஎம் 5.3 லீற்றர் எஞ்சினில் 2007இலிருந்து பெற்றோல் சேமிக்க எட்டில் நாலு சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. அதற்கான லிஃப்டர் சிக்கிக்கொண்டால் கேம்ஷாஃப்டையும் சேர்த்துத் தின்னும். அவர்களின் 6.2 லீற்றர் எஞ்சினுக்கு 2025இல் பெரிய அழைப்பு: 2021 முதல் 2024 வரையான மாடல்கள், உள்ளே தண்டும் பேரிங்கும் பழுது. ராம் 5.7 ஹெமியில் புகைக்குழாய் மனிஃபோல்ட் போல்ட்டுகள் தலை முறியும். 2017 முதல் 2020 வரையான போர்ட் 3.5 ஈகோபூஸ்டில் கேம் ஃபேசர் காலையில் கலகலக்கும். 1977இலிருந்து அமெரிக்காவில் ஆகக்கூடுதலாக விற்கும் பிக்கப் போர்டின் எஃப் வரிசை என்பது உண்மை. அதற்காக ஒவ்வொரு ஆண்டு எஞ்சினும் ஒரேமாதிரி என்று ஆகாது.

கம்பனிப் பெயரால் எனக்கு ஒரு பிரயோசனம் உண்டு: எங்கே பார்க்க வேண்டும், எதற்குக் காது கொடுக்க வேண்டும் என்று அது சொல்லும். வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது முதல் சொந்தக்காரரின் பழக்கம். அந்தப் பழக்கம் வாகனத்தில் எழுதித்தான் இருக்கிறது.

அதை வாசிக்க எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வரமுதல் 'ஸ்டார்ட் பண்ணி வைக்காதேங்கோ' என்று விற்கிறவரிடம் சொல்லச் சொல்வேன். போனதும் பொனற்றில் கை வைப்பேன். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன், மரியாதைக்குக் கதைத்துவிட்டுப் பிறகொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம். மேலே சொன்ன கோளாறுகளில் பல முதல் சில விநாடிகளில்தான் வாய் திறக்கும். ஈகோபூஸ்டின் கலகலப்பு ஸ்டார்ட் ஆன உடனே இரண்டு மூன்று விநாடி வந்து போய்விடும். ஹெமியில் போல்ட் முறிந்திருந்தால் குளிரில் டிக் டிக் என்று கேட்கும்; மனிஃபோல்ட் சூடேறி விரிந்து இடைவெளியை அடைத்ததும் சத்தம் அடங்கிவிடும். டோர்ச்சை அடித்துக் கடைசிச் சிலிண்டர் பக்கம் பாருங்கள், போல்ட் இருந்த இடத்தில் கரிக்கோடு தெரியும். ஜிஎம் லிஃப்டர் சத்தம் சூடேறிய பிறகும் போகாது.

பிறகு ஸ்கானரைச் செருகுவேன். கோளாறுக் கோட் ஏதும் இல்லை என்பது நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். நேற்றிரவு அழித்திருந்தாலும் இல்லைதான். வாகனம் தன்னைத் தானே சோதிக்கும் மொனிட்டர்கள் முடிந்திருக்கின்றனவா என்று ஸ்கானரில் ஒரு பக்கம் வரும். பல மொனிட்டர்கள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ கோட் அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். 'போன கிழமைதான் பற்றரி மாத்தினது' என்பார்கள். இருக்கலாம். பற்றரியில் திகதி ஒட்டியிருக்கும்.

பலருக்குத் தெரியாத, எனக்கு ஆகப்பிடித்த சோதனை எஞ்சின் மணிநேரம். எஃப்-150, ஜிஎம்மின் சில்வராடோ, ராம் மூன்றிலும் ஸ்டியரிங் பொத்தானை அழுத்தி அழுத்திப் போனால் டாஷ் திரையில் அது வரும். ஓடிய கிலோமீற்றரை மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். 2,00,000 கிலோமீற்றர், 3,500 மணிநேரம் என்றால் சராசரி 57; ஹைவேயில் ஓடிய வாகனம். 1,20,000 கிலோமீற்றர், 6,000 மணிநேரம் என்றால் சராசரி 20. வேலைத்தலத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஓடாமல் நின்ற எஞ்சின் அது. கிலோமீற்றரைப் பார்த்து ஒயில் மாற்றியிருப்பார்கள். எஞ்சின் அதைவிடப் பல மடங்கு உழைத்திருக்கும். கிலோமீற்றர் எண்ணைப் பார்த்து இரண்டாவதுதான் புதுசு என்று எல்லோரும் அதற்குப் போட்டி போடுவார்கள். நான் முதலாவதை எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். பின் பெட்டித் தரையில் நடுவில் பார டிரெய்லருக்கான கூஸ்நெக் கொளுக்கி பூட்டிய துளை இருக்கிறதா, கொளுக்கிக் குழாயின் உள்பக்கம் தேய்ந்து பளபளக்கிறதா என்பவையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியவை.

கடைசியாகக் கறள். ஒன்ராறியோவில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் ஏற்றலாம், சட்டம் போனால் வாகனம் போனது. பனிக்காலம் முழுக்க றோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்தக் கரைசல் பெட்டிபோல் மூடிய சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்து தின்கிறது. 2015இலிருந்து எஃப்-150இன் உடல் அலுமினியம், அதனால் கதவடி பளிச்சென்று இருக்கும். சட்டம் இன்னும் இரும்புதான். உடலைப் பார்த்து மயங்கியவர்கள் பலர்.

சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருக்கிறேன். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடம், இலை ஸ்பிரிங் தொங்கும் பிடி, ஸ்பெயார் சில்லுக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டம், இந்த மூன்றையும் தட்டுவேன். நல்ல இரும்பு 'ணங்' என்று திருப்பிச் சொல்லும், சுத்தியல் கையில் துள்ளும். உள்ளே உதிர்ந்தது 'தொப்' என்று மந்தமாகும், சுத்தியல் துள்ளாது, செதிள் செதிளாகக் கறள் முகத்தில் கொட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோல் தாங்கிக்கு மேலே ஓடும் பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள்.

அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பெயின்ற்றில் மினுங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விற்பதற்கு முதல் நாள் ஸ்பிரே கானால் அடித்த மை அது; அடியில் இருப்பது தெரியக்கூடாது என்றுதான் அடித்தது. மாறாக, ஒயிலும் தூசியும் குழைந்து அப்பி, தொட்டால் கை கறுக்கும் அசிங்கமான அடிப்பக்கம் கண்டால் நல்ல காலம். ஆண்டுதோறும் கறள் தடுப்பு ஒயில் தெளித்த மனிதரின் வாகனம் அது. அப்படிச் செய்கிறவர் மற்றதையும் செய்திருப்பார், கியர்பொக்ஸ் ஒயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்.

'சேஃப்டி இருக்குத்தானே, பிறகென்ன பயம்' என்று கேட்பார்கள். ஒன்ராறியோ சேஃப்டி சான்றிதழ் சோதனை செய்த நாளிலிருந்து 36 நாளுக்குச் செல்லும், அன்றைக்கு வாகனம் ஆகக்குறைந்த பாதுகாப்புத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. கேம் ஃபேசரோ லிஃப்டரோ அதன் கணக்கில் இல்லை. புகைச் சோதனையும் 2019இல் சின்ன வாகனங்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டதால், எஞ்சின் விளக்கைப் பற்றிக் கேட்க வேறு ஆளில்லை.

வாங்கியாயிற்றா? முதல் பனிக்கு முன் ஒயில் தெளிக்கக் கொடுங்கள். தெளிக்கிறவரிடம் ஸ்பெயார் சில்லையும் கீழே இறக்கித் தெளிக்கச் சொல்லுங்கள். பின் பெட்டிக்கு அடியில் அதைத் தாங்கும் கம்பிவடமும் பல்சில்லும் கறள் பிடித்து இறுகிவிட்டால் தை மாத இரவில், 401 ஹைவே ஓரத்தில், பிள்ளைகள் உள்ளே நித்திரையாக இருக்கும்போது எந்தச் சாவியைப் போட்டுத் திருகினாலும் அது இறங்காது. மேல் கொளுக்கி, வடம், திருகும் துளை மூன்றிலும் ஒயில் படவேண்டும். சில்லின் காற்றையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பழைய பிக்கப்புகளில் அது அநேகமாக இறங்கித்தான் கிடக்கும்.