குளிர்ந்த இயந்திரமும் கொதித்த மனமும்

கல்லூரியை விட்டகன்று பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அங்கே கற்ற பாடங்களுள் ஏதேனும் ஒன்று, எதிர்பாராத ஓரிடத்தில், எதிர்பாராத ஒரு வேளையில் நம்மை வந்தடைதல் உண்டு. என்னை அத்தகைய பாடம் ஒன்று வந்தடைந்த இடம் புங்குடுதீவின் கடற்கரை. வேளை 2013ஆம் ஆண்டு மார்கழி மாதத்து விடியற்காலை.

யான் தீவகத்துப் பிள்ளை. 1970களில் கல்லூரி விடுதியில் தங்கிக் கற்றேன். விடுமுறைக்கு ஊர் சென்றால் அம்மானுடைய வள்ளமே எனக்குத் திருவிழாத் தேர். அதன் பின்புறத்தில் நான்கு பரிவலுக்கும் குறைந்த சிறியதொரு வெளியிணைப்பு இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கும். அது 1950களிற் செய்யப்பட்டது. கயிற்றைச் சில்லிற் சுற்றி ஒரே இழுப்பில் அம்மான் அதனை முழங்கச் செய்வார். பின்னர் போர் வந்தது, ஊர் இடம்பெயர்ந்தது, யான் கடல் கடந்தேன். அம்மானோ இயந்திரத்திற்கு நெய் பூசிச் சாக்கிற் சுற்றி உறவினர் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு ஊரை நீங்கினார். 2009இற் போர் ஓய்ந்தபின் மீண்டு வந்தபோது அதுவும் அவருடன் மீண்டது.

யான் அவரைக் காணச் சென்றபோது பாரிசவாதத்தால் அவருடைய வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. இடக்கை மாத்திரமே அவர் சொற்படி கேட்டது. தம் சொந்த வள்ளத்தில் ஒருமுறை நயினாதீவு சென்று நாகபூசணி அம்மனை வணங்க வேண்டுமென்பது அவர் எண்ணம் என மாமி கூறினார். எனக்குக் கிடைத்த விடுமுறை மூன்று வாரம். இதனை முடித்துவைப்பது என் கடனென்று துணிந்தேன்.

முதல் நாள் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, பத்துப் பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்றினேன். அக்காலத்து இயந்திரங்கள் சிலவற்றிற்கு அதுவே விதித்த அளவு. மூன்றாம் இழுப்பில் அது எழுந்தது. யான் பெருமிதம் கொண்டேன். மறுநாட் காலை நாற்பது முறை இழுத்தும் எழவில்லை. பிளக்கைக் கழற்றினேன், கரிய பிசுக்கில் நனைந்திருந்தது. அதனைத் துடைத்து அடுப்பிற் காய்ச்சிப் பூட்டியபின் இருமிக்கொண்டு எழுந்தது. ஒருமுறை எழுந்துவிட்டாற் பகல் முழுவதும் ஓரிழுப்பிற்கு இணங்கும். இரவு ஓய்ந்தெழுந்தாற் பழைய பிடிவாதமே. நம் தீவகத்தில் உறைபனி இல்லை. இயந்திரத்தின் குளிரென்பது அதன் ஓய்வேயன்றி வேறன்று.

குளிர்ந்த இயந்திரத்தில் பெற்றோல் எளிதில் ஆவியாகாது, ஆவியன்றித் தீப்பற்றாது. பொருளாதாரத் தடையின் காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியபோதும், தொடக்கத்திற்கு மாத்திரம் சில துளி பெற்றோலை விட்டனர் அன்றோ? ஆகவே குற்றம் தீப்பொறியிலோ கலவையிலோ அமுக்கத்திலோ இருத்தல் வேண்டும் என்பது வரை அறிந்தேன். அறிந்தும் பொறுமை இழந்தேன். ஒரே காலையிற் பொயின்றைத் தேய்த்து இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்காக வைத்தேன், பிளக்கை மாற்றினேன், காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். இயந்திரம் உடனே எழுந்தது. எதனால் எழுந்தது என்பதை அறியேன். மறுநாள் மீண்டும் எழவில்லை; எதனால் என்பதையும் அறியேன்.

அன்றுதான் எங்கள் பௌதிக ஆசிரியரின் குரல் நினைவிற்கு வந்தது. ஆய்வுகூடத்தில் இரண்டு காரணிகளை ஒருங்கே மாற்றிய மாணவனின் கொப்பியை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதிவைக்க வேண்டும். யானும் கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் நாள் தீப்பொறியை மாத்திரம் சோதித்தேன். நிழலில் நீலமாய்த் தெறித்தது. அடுத்த நாள் பிளக்கின் துவாரத்தைப் பெருவிரலால் மூடிக் கயிற்றை இழுத்தேன்; அமுக்கம் விரலைத் தள்ளியது. மூன்றாம் நாள் சோக்கின் தகடு முற்றாக மூடுவதைக் கண்டேன். எல்லாம் நன்று, இயந்திரம் மாத்திரம் எழவில்லை.

கரையிற் கதிரையில் அமர்ந்திருந்த அம்மான் நாள்தோறும் இடக்கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, வலமாகத் திருப்பிக் காட்டுவார். 'உன்னால் ஆகாது, விட்டுப் போ' என்று சொல்கிறார் என எண்ணி யான் உள்ளூரக் கொதித்தேன். ஒருநாள் வாய்விட்டும் கடிந்தேன். அப்பொழுது மாமி சொன்னார்: "தம்பி, அவர் உன்னைப் போகச் சொல்லேல்லை. கரைக்கு வரேக்கை உப்பிடித்தான் பெற்றோலைப் பூட்டுறவர்."

யான் திகைத்து நின்றேன். சிறுவயதிற் கண்ட காட்சி கண்முன் வந்தது. கரை அணுகுமுன் அம்மான் பெற்றோல் திருகைப் பூட்டுவார். இயந்திரம் சற்று நேரம் ஓடித் தானே ஓயும். எஞ்சிய தூரத்தை மரக்கோலால் தள்ளிக் கடப்பார். அதனைச் சிக்கனம் என்றே கருதியிருந்தேன்.

அன்று மாலை அவ்வாறே செய்தேன். மறுநாட் காலை திருகைத் திறந்து, சோக்கை மூடி, இழுத்தேன். இரண்டாம் இழுப்பில் எழுந்தது. ஆசிரியரை நினைந்து, அன்று மாலை வேண்டுமென்றே திருகைத் திறந்து விட்டேன். விடிந்ததும் பழைய பிடிவாதம்! காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததைக் கடதாசியில் ஊற்றினேன். பெற்றோலாயின் உலர்ந்திருக்கும், அதுவோ உலராத எண்ணெய்க் கறையாய் நின்றது. இரவு வெப்பத்திற் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாய்ப் போக, எண்ணெய் தங்குகிறது. திறந்த திருகு வழியே மேலும் கலவை இறங்க, அதன் எண்ணெயும் சேர்கிறது. காலையில் இயந்திரம் உறிஞ்சும் முதல் மிடறு எண்ணெயே. அதுவே பிளக்கை நனைக்கிறது. முதல் நாள் எளிதில் எழுந்தமைக்குக் காரணம், கிண்ணம் வெறுமையாய் இருந்தமையே. காபரேற்றரைக் கழுவிய நாளில் எழுந்ததும் அதனாலேயே.

என் கொப்பியின் நான்கு பக்கங்கள் அம்மானுடைய ஒரு விரலசைவிற்கு உரையாயின. ஆயினும் அவ்வுரை வீணன்று. விரலசைவு செய்யவேண்டியதைக் காட்டியது, கொப்பி அதன் காரணத்தைக் காட்டியது.

விடுமுறையின் இறுதி வெள்ளியன்று அம்மானை வள்ளத்தில் ஏற்றி நயினாதீவு சென்றோம். சந்நிதியில் அவர் இடக்கையை மாத்திரம் தலைமேல் உயர்த்தி வணங்கினார். மீளும்போது கரை தெரிந்ததும் என்னை விலகச்சொல்லிச் சைகை செய்து, தாமே திருகைப் பூட்டினார். இயந்திரம் ஓய்ந்தது. யான் மரக்கோலை எடுத்தேன். கடிந்துரைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தார். மறு ஆண்டு அவர் சிவபதமடைந்தார்.

இம்மலரைப் படிக்கும் மாணவத் தம்பியர்க்கு ஒன்று கூறுவேன். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். எழுதுமுன், கரையில் அமர்ந்திருக்கும் முதியவர் கைகாட்டுவதையும் ஒருமுறை பாருங்கள். முன்னதைக் கற்பித்த நம் கல்லூரி நீடு வாழ்க! பின்னதை யான் பிந்தியே கற்றேன். நீங்கள் முந்திக் கற்பீர்களாக.