பழசை அழிக்காத ஒரு வார்த்தை

அப்பாவுக்குச் சர்க்கரை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து, நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. டாக்டருக்கு இன்றைய எண் மட்டும் போதாது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று வரிசையாகப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் மகள், “இன்னும் எதுக்கும்மா நோட்டு? ஜாவாவுல ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்” என்றாள். எழுதியும் தந்தாள். எண்ணைத் தட்டினால் போதும், தேதியோடு ஒரு ஃபைலில் பதிவாகிவிடும். நான்காம் நாள் காலை அந்த ஃபைலைத் திறந்தால் ஒரே ஒரு வரி. சற்று முன் தட்டியது மட்டும்!

“ஏண்டி, மூணு நாள் கணக்கு எங்கே?”

புரோகிராமைப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜாவாவில் ‘ஃபைல்ரைட்டர்’ என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்தால், உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதும். பெயருக்குப் பக்கத்தில் கமா போட்டு ‘ட்ரூ’ என்று சேர்த்தால்தான் பழசுக்குப் பின்னால் புதுசைச் சேர்க்கும்.

“அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்காதா?”

“கேட்காதும்மா.”

நல்லவேளை, நோட்டிலும் எழுதி வந்தேன். விட்டுப்போன எண்களை அதைப் பார்த்துச் சேர்த்தோம்.

அடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் ‘நேற்று கல்யாணச் சாப்பாடு’ என்று தமிழில் குறித்தேன். எல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றது. எங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஜாவா. 2022-ல் வந்த ஜாவா 18 முதல், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 தானாகவே அமைந்துவிடுகிறது. பழையதில் நாம்தான் சொல்ல வேண்டுமாம். சொன்னாள், தமிழ் வந்தது.

எழுதி முடித்ததும் ஃபைலை மூடவும் வேண்டும். எழுதியது முதலில் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் தங்கும். மூடாமல் விட்டால் கடைசி வரிகள் ஃபைலுக்குப் போகாமலே போகலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஏதாவது செய்து தருவார்கள். ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு ‘பிரமாதம்’ என்று சொல்லிவிடாதீர்கள். முதல் வரி எப்படியும் சரியாகத்தான் வரும். இரண்டாவது வரியையும் எழுதிவிட்டு, முதல் வரி அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை நோட்டைப் பரணில் போட வேண்டாம்.