பொத்தானுக்கு முன்னால் பாக்கெட்

சர்வர் நிர்வாகம் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கிளவுட் தளத்தின் பொத்தான்களில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே, ஒரு பெயர் எப்படி ஐபி முகவரியாகிறது, ஒரு பாக்கெட் எந்த வழியில் போகிறது என்பதைப் பழகிவிட வேண்டும் என்கிறேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கைத் துண்டித்தது. டேட்டா சென்டர்களை எட்ட முடியாமல்போன, பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கான பிஜிபி வழி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் பாதைதான் உலகத்துக்குத் தெரியாமல் போனது.

அதெல்லாம் பெரிய நிறுவனத்தின் கவலை, வேலை கிடைக்கக் கிளவுட் தெரிந்தால் போதும் என்பார்கள். வேலை விளம்பரங்கள் அதைக் கேட்பது உண்மைதான். ஆனால் மாத வாடகைக்கு எடுத்த சின்ன சர்வரிலும் இதே கேள்விகள்தான் வரும். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் மறுமுனையிலிருந்து ஒரு மறுப்பாவது வந்திருக்கிறது; பெரும்பாலும் அந்த போர்ட்டில் எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே இல்லை, ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். பிங் பதில் தந்தும் தளம் திறக்காமல் இருக்கலாம், ஏனெனில் பிங் எந்த போர்ட்டையும் தொடுவதில்லை. (இந்த ஒன்றைப் புரியவைக்காத பாடத்திட்டங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு.) பழைய மடிக்கணினியில் இரண்டு லினக்ஸ் மெய்நிகர் கணினிகளை ஓட்டி, வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து, டிக், டிரேஸ்ரூட், எஸ்எஸ் கட்டளைகளால் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.