தலவாக்கலையும் பழைய தபாலட்டைகளும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி கொட்டகலையைக் கடந்து தலவாக்கலையை நெருங்கும்போது பிரயாணிகள் யாவரும் சன்னலோரம் கூடுகின்றனர். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைக் காணவே அந்த நெரிசல். நாமும் எட்டிப் பார்த்தோம். எமது கையில் அதே அருவியின் படம் பொறித்த பழைய தபாலட்டை ஒன்றும் இருந்தது. அட்டையிலே பாறையின் அகலம் முழுவதும் வெள்ளம் பாய்கிறது. எதிரிலோ மெல்லிய நீர்த்தாரைகளே தெரிந்தன. அட்டையில் யாரோ வெள்ளை மை தீட்டிவிட்டார்கள் என்றுதான் எவரும் ஐயுறுவர். பூதக்கண்ணாடியால் நோக்கினோம், அச்சுப் புள்ளிகள் எங்கும் குலையாமல் இருந்தன. மாற்றம் அருவியிலேதான் நேர்ந்திருக்கிறது! 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக நீரைத் திருப்பிவிட்டனர்.

எல்லா அட்டைகளும் இவ்வளவு நேர்மையானவை அல்ல. 1885இல் நானுஓயா வரை இருப்புப்பாதை வந்தது. மலைநாட்டைக் காணவந்த வெள்ளையர் வாங்கி ஊருக்கு அனுப்புவதற்கென, 1890இல் கொழும்பில் தோன்றிய பிளாட்டே கம்பெனி போன்ற நிலையங்கள் படத் தபாலட்டைகளை வெளியிட்டன. இன்று அவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் உளர். விலை ஏறினால் ‘வைத்தியர்களும்’ தோன்றத்தானே செய்வர்!

இவர்களது கைவண்ணத்தை அறிய முதலில் ஓர் அடிமட்டம் போதும். அக்கால அட்டை பெரும்பாலும் 140 மில்லிமீற்றர் நீளமும் 89 மில்லிமீற்றர் அகலமும் உடையது. மழுங்கிய மூலையை மறைக்க ஓரத்தை நறுக்கினால் அளவு குறையும். நறுக்கிய ஓரம் மட்டும் பழுப்பேறாமல் வெளுத்திருக்கும். காகிதக் கூழால் மூலையைக் கட்டியிருந்தாலோ, கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கே காட்டிக்கொடுத்துவிடும். புதுக் காகிதத்தில் வெண்மையூட்டும் இரசாயனம் கலந்திருப்பதால் அவ்விடம் நீலமாய் ஒளிரும்; 1950க்கு முற்பட்ட காகிதம் பெரும்பாலும் ஒளிராது. அழுத்தி மறைத்த மடிப்பைச் சாய்வான வெளிச்சத்திலும், சுரண்டி மெலிந்த இடத்தை விளக்குக்கு எதிரே பிடித்தும் காணலாம். ஆயினும் வர்ணம் கண்டவுடனே குற்றஞ்சாட்டிவிடலாகாது. அந்நாளில் விற்பனைக்கு முன்பே கையால் வர்ணந்தீட்டிய அட்டைகளும் உண்டு.

பின்புறத்தையும் மறவாமல் பார்க்கவேண்டும். முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தி எழுதும் முறை பிரித்தானியாவிலேயே 1902இல்தான் வந்தது. அப்படிப் பிரித்த அட்டையில் 1899ஆம் ஆண்டு முத்திரை காணப்படுமாயின், அம்முத்திரை பின்னர் குத்தப்பட்டதே.

கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் படங்களிலேதான் எமது மனம் அதிகம் தங்கியது. ‘தமிழ்ப் பெண்’ என்று அச்சிட்டதோடு சரி, பெயரில்லை, தோட்டமில்லை. அவளுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்றும் ஏதோவொரு லயத்தில் வாழக்கூடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டபோது, காட்டுவதற்குக் காகிதமின்றி நின்றவர்கள் இம்மக்கள். ஆகவே, அட்டையின் பின்னே எவரோ கிறுக்கிவைத்த தோட்டத்துப் பெயரும் திகதியும் எமக்குப் பெருஞ்செல்வம். ‘வைத்தியர்’ முதலில் அழிப்பதோ அதைத்தான்! சுத்தமான அட்டைக்கே விலை கூடுதலாம்.

எம்மிடமுள்ள ஓர் அட்டையில் பென்சிலெழுத்தை அழித்திருக்கின்றனர். சாய்ந்த ஒளியில் எழுத்தின் பள்ளம் புலப்படுகிறது. தோட்டத்துப் பெயரின் முதலெழுத்தை மட்டும் படிக்க முடிகிறது.