கைக்கு ஏற்ற மட்டை



போன வாரம் தோளில் கோல்ஃப் பையோடு நான் நிற்கும் படத்தை மகள் போட்டாலும் போட்டாள், ஒரே விசாரிப்பு. "சார், ரிட்டயர் ஆகி ஏழு வருஷத்துல இவ்வளவு பெரிய ஆளாயிட்டீங்களா?" என்று 1998 செட் மாணவன் ஒருவன். "அத்தான், அந்தப் பையில என்ன, கரும்பா?" என்று திருமங்கலத்து மைத்துனர். பெங்களூரிலிருந்து ஒரு மாணவி மட்டும் உருப்படியாகக் கேட்டிருந்தாள்: "சார், ஆபீஸ்ல எல்லாரும் ஆடுறாங்க. நானும் ஒரு அயர்ன் செட் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கணும்?" அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் ஆடுகிறவன் அல்ல. எனக்கு கோல்ஃப் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் ஊட்டி பஸ் ஜன்னல் வழியே பார்த்த பச்சை மேடுதான். இப்போது மகள் வீட்டில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் ஆறு மாதமாக இருக்கிறேன். இங்கே கோல்ஃப் பணக்காரர்களுக்கு மட்டுமான விளையாட்டு இல்லை. நகராட்சியே நடத்தும் மைதானங்கள் உண்டு. கோடையில் வெயில் 43 டிகிரியைத் தாண்டுவதால் விடிந்ததும் ஆடப் போய்விடுகிறார்கள். மாப்பிள்ளையும் பேரனும் சனிக்கிழமை காலை போவார்கள். நான் கூடவே நடப்பேன். எனக்கு நடை, அவர்களுக்கு ஆட்டம்.

நான் வந்த புதிதில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். வாரம் முழுக்க அவர் அலுவலகம், அவன் பள்ளி, கைபேசி. அந்த மூன்று மணி நேரம்தான் அப்பனும் மகனும் பேசும் நேரம். இரண்டு மாதத்தில் அது மாறியது. மாப்பிள்ளை புதிதாக ஒரு அயர்ன் செட் வாங்கினார். அதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்கும், பேச்சு குறையும். பேரன் ஒரு சனிக்கிழமை போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்: "நான் வரல தாத்தா. அப்பா கோபமாவே இருக்கார். எனக்கும் கை வலிக்குது."

என்ன சங்கதி என்று அந்த மட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய பௌதிக வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது.

கோல்ஃப் மட்டைகளில் அயர்ன் என்பது உலோகத் தலை கொண்டவை. 3, 4, 5 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட முகம் அதிகம் மல்லாந்திருக்கும். பந்து உயரப் போகும், தூரம் குறையும். ஒரு ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது 1938-ல் அமெரிக்காவில் வந்த விதி. அவர்கள் அடிக்கும் பந்தோ 46 கிராமுக்கும் குறைவு.

மாப்பிள்ளை வாங்கியது பிளேடு என்ற வகை. பார்க்க அவ்வளவு அழகு. மெல்லிய தலை, பின்பக்கம் வழவழவென்று, கத்தி மாதிரி. உலோகமெல்லாம் நடுவில் திரண்டிருக்கும். நடுவில் சரியாகப் பட்டால் வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இருக்குமாம். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் தலை திருகிக்கொள்ளும், பந்து தூரம் குறைந்து பக்கத்துப் புதருக்குப் போகும், கை விறுவிறுக்கும்.

இன்னொரு வகைக்கு கேவிட்டி பேக் என்று பெயர். பின்பக்கத்தில் குடைந்து, அந்த உலோகத்தைத் தலையின் ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் தள்ளியிருப்பார்கள். ஏன்? பதினொன்றாம் வகுப்பில் உங்களைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் செங்கல் கொடுத்துச் சுற்றிவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? கையை நீட்டினால் மெதுவாகச் சுற்றும், மடக்கினால் வேகமாகும். நிறை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்குத் திருப்புவது கடினம். நிலைமத் திருப்புத்திறன் என்று பத்து தடவை எழுத வைத்தேனே, அதேதான். ஓரத்தில் எடை இருந்தால், பந்து தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. அடியில் எடை இருந்தால் நிறை மையம் தாழ்ந்து, பந்து சுலபமாக மேலே எழும்பும்.

இதைப் பரவலாக்கியவர் இதே ஃபீனிக்ஸ் நகரத்துக்காரர் என்று தெரிந்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கார்ஸ்டன் சோல்ஹைம் என்று பெயர். 1911-ல் நார்வேயில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர். அப்பாவின் தொழில் செருப்புத் தைப்பது. இவரும் அதைச் செய்தார். பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். முதன்முதலாக கோல்ஃப் மட்டையைத் தொட்டது 42 வயதில். சரியாக ஆட வராதபோது, 'மட்டையை ஏன் இப்படிச் செய்கிறார்கள்?' என்று யோசித்தார். 1959-ல் தன் வீட்டு கார் கொட்டகையில் ஒரு மட்டை செய்தார். பந்தைத் தொட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது. அதையே நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார். 1967-ல் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் இறங்கினார். 1982-ல் வந்த அவருடைய பிங் ஐ 2 அயர்ன்கள் சாதாரண ஆட்டக்காரர் கையிலும் தொழில்முறை ஆட்டக்காரர் கையிலும் இடம்பிடித்தன. காலை அளந்து செருப்புத் தைக்கும் வீட்டில் வளர்ந்தவர் ஆளை அளந்து மட்டை கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் நேரடியாகச் சொல்ல முடியுமா? மாமனார் ஸ்தானம் ஒன்று இருக்கிறதே. ஒரு நாள் காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை, இந்த மட்டையை ஏன் எடுத்தீங்க?"

"ப்ரோ எல்லாம் இதைத்தான் மாமா வச்சிருக்காங்க. கஷ்டமானதுல பழகிட்டா அப்புறம் எல்லாம் ஈஸி."

"சரிதான். ஒரே ஒரு சந்தேகம். பந்து தப்பாப் போகும்போது, எதனால தப்பாச்சுன்னு உங்க கைக்குத் தெரியுதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியல மாமா. கை எரியுது, அவ்வளவுதான்."

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கஷ்டம் நம்மை வளர்க்கும், உண்மை. ஆனால் அந்தக் கஷ்டம் சொல்லும் பாடம் நமக்குப் புரிகிற நிலையில் நாம் இருக்க வேண்டும். பத்துக்கு எட்டு அடி நடுவில் படுகிறவருக்கு பிளேடு நல்ல வாத்தியார். மீதி இரண்டில் எங்கே பட்டது என்று அவர் விரலுக்கே தெரியும்; திருத்திக்கொள்வார். பத்துக்கு இரண்டு படுகிறவருக்கு அது வெறும் தண்டனை. ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்தால் அவன் சீக்கிரம் விஞ்ஞானி ஆகிவிடுவதில்லை. பௌதிகமே வேண்டாம் என்று ஓடுகிறான். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன் நின்றவன் சொல்கிறேன்.

நாங்கள் ஒரு கடைக்குப் போனோம். வலைக்குள் பந்தை அடித்தால் வேகம், உயரம், தூரம் எல்லாம் திரையில் வரும். மட்டைகளை மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார் அங்கிருந்த பெரியவர். நான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஊசல் சோதனையில் வேண்டிய விடைக்கு ஏற்ப அளவீட்டைத் 'திருத்தி' எழுதிய மேதைகளே, இதைக் கவனியுங்கள்! ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பந்து, பத்தையும் எழுதினேன். 7-ம் எண் பிளேடில் இரண்டு பந்து 150 கெஜம் தாண்டின. அபாரம்! ஆனால் நான்கு 130 பக்கம், மீதி நான்கு 110-ஐ ஒட்டி. கேவிட்டி வகையில் ஒன்றுகூட 150 தொடவில்லை. ஆனால் எட்டுப் பந்துகள் 135-க்கும் 145-க்கும் நடுவில். மாப்பிள்ளைக்கு மனதில் நின்றது அந்த இரண்டு அபார அடிகள். என் நோட்டில் இருந்தது பத்தும். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். முப்பது வருடம் முன்பு 7-ம் எண் அயர்னின் சாய்வு 34, 35 டிகிரி. இன்று புதியவர்களுக்கான பல செட்டுகளில் அதே எண்ணுக்கு 28 முதல் 30 டிகிரிதான். "என் 7-ம் எண் உன்னுடையதைவிட தூரம் போகிறது" என்றால், அது எண்ணை மாற்றி எழுதிய 6-ம் எண்ணாக இருக்கலாம். இப்படிச் சாய்வு குறைந்த செட் வாங்கினால் பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடையில் பெரிய இடைவெளி விழும். அதற்கு ஒரு நடு மட்டை தேவைப்படும்.

தண்டு, அதாவது ஷாஃப்ட், தலையைப் போலவே முக்கியம். ஸ்டீல் கனம்; கிராஃபைட் லேசு, அதிர்வும் குறைவு. மெதுவாக வீசுகிறவருக்கு லேசான, நன்றாக வளைகிற தண்டு. வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பானது. ரெகுலர், ஸ்டிஃப் என்று எழுதியிருப்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃபாக இருக்கலாம். அடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மட்டை தரையில் உட்காரும் கோணம் உங்கள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் பொருந்த வேண்டும். அடிப்பாகத்தில் டேப் ஒட்டிப் பலகை மேல் அடிக்கச் சொல்வார்கள். தேய்ந்த தடம் நடுவில் இருந்தால் சரி. தண்டுப் பக்கமாக இருந்தால் கோணம் அதிகம். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடது பக்கம் இழுக்கும். நம்மவர் அவ்வளவு உயரமில்லை. அவருக்கு 2 டிகிரி குறைக்க வேண்டியிருந்தது.

பந்துக்கு முன்னால் தரையைக் கொத்துகிறவர்களுக்கு அடிப்பாகம் அகலமான மட்டை உதவும். அது மண்ணில் புதையாமல் வழுக்கிப் போகும். 3, 4 எண் அயர்ன்கள் புதியவர்களுக்கு வேண்டாம். அவற்றுக்குப் பதில் ஹைபிரிட் என்ற மட்டைகள் இருக்கின்றன. 14 மட்டை வரை வைக்கலாம் என்பதற்காக 14-ம் வாங்க வேண்டியதில்லை; ஆரம்பத்துக்கு ஏழெட்டுப் போதும். நான்கைந்து வருடம் முந்தைய மாடலைப் பழசாக வாங்கினால் விலை நன்றாகக் குறையும், ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் நாலு பாடம் கேளுங்கள். எந்த மட்டையும் தவறான வீச்சைத் திருத்திவிடாது. தவறுக்கான அபராதத்தைத்தான் குறைக்கும்.

மாப்பிள்ளை அந்தக் கேவிட்டி செட்டை எடுத்தார். பணம் கட்டிவிட்டு காரில் வரும்போது அவராகவே சொன்னார்: "எனக்கு எட்டு வயசுல எங்க அண்ணனோட பேட்டைக் கொடுத்தாங்க மாமா. என் இடுப்புக்கு மேல வரும். தூக்கவே முடியாது. ஒரு நாளாவது நிஜமான பேட் நமக்குன்னு வாங்கணும்னு அப்பவே நினைச்சேன்." அந்த பிளேடு செட் எதனால் வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "பையனுக்கும் என் பழைய செட்டோட தண்டை வெட்டித்தானே கொடுத்திருக்கேன்..." என்றார்.

பெரியவர்கள் மட்டையின் தண்டை வெட்டினால் நீளம்தான் குறையும். தலையின் கனம் குறையாது, தண்டும் முன்பைவிட விறைத்துப் போகும். பதின்மூன்று வயதுக் கை அதைத்தான் இவ்வளவு நாள் இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வளைவிலேயே வண்டியைத் திருப்பினார். சிறுவர்களுக்கென்றே செய்த லேசான செட், ஆறே மட்டை, வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவர் ஸ்கோர் ஒன்றும் பெரிதாக இறங்கிவிடவில்லை. புதருக்குள் பந்து இன்னும் போகிறதுதான். ஆனால் பந்து தேட இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள், திரும்பி வரும்போது ஏதோ சிரித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த பிளேடு செட்டை மாப்பிள்ளை விற்கவில்லை. கொட்டகையில் துணி சுற்றி வைத்திருக்கிறார். பத்துக்கு எட்டு நடுவில் பட ஆரம்பித்ததும் எடுப்பாராம். எடுக்கட்டும்.

பெங்களூர்ப் பெண்ணே, கடைக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போ. பத்து அடியையும் எழுது. நன்றாகப் போன இரண்டை மட்டும் எழுதாதே. உன் உயரம், உன் வேகம், உன் இன்றைய கை, இதற்கு எது பொருந்துகிறதோ அதை எடு. மற்றவர்களும் பிள்ளைகளுக்கு பேட்டோ சைக்கிளோ வயலினோ வாங்கும்போது, "வளர்ந்தா சரியாயிடும்" என்று பெரிதாக வாங்காமல், இன்றைக்கு அது அந்தக் கைக்குப் பொருந்துகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

மைத்துனருக்கு மட்டும் தனிக் குறிப்பு: பையில் கரும்பு இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அங்கே வெட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பௌதிக வாத்தியார்